கடற்கன்னிக்கு எத்தனை மூட்டை சிமென்ட்?

ஆரியசாலையில் நம் கடைகளுக்கு எதிரே புதுக் கட்டடம் எழும்புகிறது. இன்று மத்தியானம் லாரியிலிருந்து சிமென்ட் இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் தேடி ஆட்கள் ஓடுவதற்குள் ஒரு மூட்டை உடைந்து, சூடான ரோட்டில் கரைந்து ஓடிற்று. அந்த ஈரச் சிமென்ட் வாசனை என் கடை மிளகாய் வத்தல் நெடியையும் தாண்டி உள்ளே வந்தது. நான் பழக்கத்தில் உம் கடைப் பக்கம் திரும்பி, "வே, பாத்தீரா?" என்று கேட்டுவிட்டேன். அங்கே இப்போது செல்போன் விற்கிறார்கள். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உமக்கு அரிசி, எனக்கு வத்தல், நடுவில் ஒரே சுவர். திருநெல்வேலிச் சீமையை விட்டு நம் அப்பாக்கள் இந்த மலையாள ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். உம் வாய் சாலைக் கடைத்தெரு முழுக்கப் பிரசித்தம். தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி என்று கலந்தடித்து, ஒரு மூட்டை வாங்க வந்தவரை மூன்று மூட்டையோடு அனுப்புவீர். மதினி போனதும் அந்த வாய் அடைத்துப்போயிற்று. காரியமெல்லாம் முடிந்து கடை திறந்தீர். விலை கேட்டால் விரலைக் காட்டினீர், பேரம் பேசினால் தலையை ஆட்டினீர். நான் கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டுப் பார்த்தேன். மாதங்கள் போயின, ஒன்றும் பலிக்கவில்லை.

ஒருநாள் உம் மகள் பள்ளிக்கூட உடுப்போடு என் கடையில் வந்து நின்றாள். "மாமா, அப்பா எங்கிட்டயும் பேச மாட்டேங்காவ. அம்மா போயிட்டாவ, சரி. அப்பா இருக்காவ, ஆனா இல்லாத மாதிரியே இருக்காவ. நீங்க என்னவாது செய்யுங்க மாமா" என்றாள். பெண்ணுக்கு அம்மாவும் இல்லை, இப்போது அப்பாவும் இல்லை என்றாகிவிடுமோ என்று பயந்தேன்.

என்ன செய்வதென்று தெரியாமல்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை உம்மைச் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு பஸ் ஏறினோம். கடல்காற்று பட்டால் சரியாகும் என்று ஒரு நப்பாசை. அங்கே பூங்காவில் பெரிய கடற்கன்னிச் சிலை இருக்கிறதென்று கேள்விப்பட்டிருந்தேன், பொருட்படுத்தவில்லை. சிலை என்றால் நமக்கு ஒன்று கோயிலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முச்சந்தியில் காக்கைக்கு இருக்கையாக நிற்க வேண்டும்.

கடலைப் பார்க்கப் போன இடத்தில் நீர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டீர். புல்வெளியில் அவள் கிடந்தாள். நான் குடியிருக்கும் வீட்டை அவள் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவைத்தால் திண்டு மாதிரி இருந்திருக்கும். அந்திவெளிச்சம் தோளிலிருந்து வழிந்து இடுப்பில் தங்கி, அப்புறம் மெல்ல மேலே ஏறியது. பின்னால் அலை அடித்துத் திரும்பும்போதெல்லாம் அவள்தான் மூச்சு விடுகிறாளோ என்று எனக்குத் தோன்றியது. வெட்கமும் வந்தது. நாலு பேர் நடுவில் துணியில்லாத பெண்ணை எப்படிப் பார்ப்பது என்று கண்ணைக் கடல் பக்கம் திருப்பினேன். நீர் திருப்பவில்லை.

அதற்குப் பிறகு நீர் செய்ததை ஓர் அரிசிக்கடைக்காரனைத் தவிர உலகத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். நேரே போய்க் குனிந்து, அவள் விலாவில் உள்ளங்கையால் தட்டினீர். காதைச் சாய்த்து மறுபடி தட்டினீர். லாரியில் வந்த மூட்டை இறுக்கமா தளர்வா என்று நீர் தட்டிப் பார்க்கும் அதே தட்டு. இன்னொரு கை, மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசியைச் சட்டைப்பையில் தேடியது. காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். "சேட்டா, தொடல்லே! தொடல்லே!"

நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. "இவ எத்தனை மூட்டை சிமென்ட் குடிச்சிருப்பா வே?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. காவல்காரர் கோபத்தை மறந்து கொஞ்சநேரம் யோசித்துப் பார்த்து, "எனிக்கு அறியில்லா சேட்டா" என்றார். நீர் அவளைச் சுற்றி நடக்க ஆரம்பித்தீர். கோயிலைச் சுற்றுகிற மாதிரி நிதானமாக, நடந்துகொண்டே பேசினீர். "இம்புட்டு பாரத்த வச்சுக்கிட்டு எப்படி கெடக்கா பாரும். பஞ்சு மாதிரில்லா கெடக்கா! நாம ஒரு மூட்டைய எறக்கினா தொப்புன்னு உக்காந்துரும். இது எப்படி வே, எப்படி?" நானும் வெட்கத்தை விட்டுவிட்டு அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தேன். மனிதன் கையால் இப்படி ஒன்று ஆகுமா என்று மலைத்துப்போனேன்.

இருட்டியதும் கிளம்பலாம் என்றேன். காவல்காரர் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து நீர் மறுபடி அவள்மேல் கை வைத்தீர். "வெயிலு போயாச்சு. சூடு போவலியே வே" என்றீர்.

வீட்டில் மகள் கதவைத் திறந்தாள். "மோளே, அடுத்த ஞாயிறு ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன். அங்க ஒருத்தி கெடக்கா, பாத்தா நம்ப மாட்டே" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டீர். அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். சோறு ஆறிப்போயிற்று. நான் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த நகரத்தையே எனக்குப் புதிதாகக் காட்டினீர். ஸ்டாச்யூ ஜங்ஷனில் பஸ் மாறி மாறி நம் ஆயுசே போயிருந்தது. அங்கே சிலையாக நிற்கும் பழைய திவானை அண்ணாந்து பார்க்க உம்மோடுதான் முதல்முறை இறங்கினேன். வேளிக் காயலோரப் பூங்காவில் சங்குபோல் வளைந்த சிற்பத்தில் காதை வைத்துக் கேட்டீர். "என்ன கேக்குது வே?" என்றேன். "நீரு பேசாம இருந்தா கேக்கும்" என்றீர். எங்கே போனாலும் முதலில் ஒரு தட்டு. விசில் சத்தம் கேட்காமல் வீடு திரும்பிய ஞாயிறு குறைவு.

போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர், எழவில்லை. அதன் பிறகு எனக்கும் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. வீட்டில் என் மனைவி சொல்லி அலுத்துவிட்டாள். அவள்தான் இப்போது நாகர்கோவிலில் இருக்கும் உம் மகளுக்குப் போன் செய்திருக்கிறாள். போன ஞாயிறு உம் மகள் வந்து, காரணமே சொல்லாமல் என்னைச் சங்குமுகம் பஸ்ஸில் ஏற்றினாள்.

சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்: "அன்னைக்கு அப்பா மொதல்ல என்ன மாமா சொன்னாவ? அம்மாவப் பத்தியா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன். "எத்தனை மூட்டை சிமென்ட்னு கேட்டாரு மோளே."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவேதான்! அப்பாவேதான் மாமா!" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் உம் அரிசிக்கடையைப் பற்றி, மதினியைப் பற்றி, உம்மைப் பற்றி, இருட்டும்வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். கிளம்பும்போது அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். நானும் பக்கத்தில் கை வைத்தேன்.

சூடு போகவில்லை வே.