கேபினெட்டுக்கு மாலை

வெள்ளி, இரவு

நம்ம வீடியோ கடையை நினைச்சாலே எரிச்சலா வருது. கல்யாண வீடியோ எடிட் பண்ற கம்ப்யூட்டர்ல பிராசஸர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் வச்சிருக்கேன். அதுக்குப் போற வோல்டேஜை 1.25-க்கு மேல ஏத்தாதே, சூடு எண்பத்தஞ்சு டிகிரியைத் தாண்டுனா நிறுத்திடுன்னு மச்சினன் செந்தில்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்.

இன்னைக்கு உச்சிப்புளியில ஒரு காதுகுத்துக்குப் படம் எடுத்துட்டு வந்து கதவைத் தொறந்தா, வெந்துபோன மல்லிகை வாடை. வெள்ளிக்கிழமைப் பூசைன்னு கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கு மாலை போட்டிருக்கான் செந்தில். அதுவும் மேல சூட்டுக் காத்து வெளியேறுற ஓட்டையை மூடி. சாம்பிராணிப் புகையை ஃபேன் இழுத்து, உள்ள பிசுபிசுன்னு அப்பிக் கிடக்கு. அது பத்தாதுன்னு, திருப்புல்லாணிக் கல்யாண வேலை சீக்கிரம் முடியட்டும்னு வேகத்தை இன்னும் கூட்டி, வோல்டேஜை 1.5 ஆக்கியிருக்கான்.

“சூடு ஏறுனா அலாரம் கத்துமே, கேக்கலையாலே?”

“கத்திக்கிட்டேதான் இருந்துச்சு மச்சான். பூசை நேரத்துல என்னத்துக்குன்னு அதை ஆஃப் பண்ணிட்டேன்.”

எல்லாத்தையும் பழைய அளவுக்கு இறக்கிப் பார்த்தேன். பத்து நிமிசம்கூட நிக்கலை, அணைஞ்சு அணைஞ்சு போகுது. பிராசஸர் போச்சு. நாளைக்குத் திருப்புல்லாணிப் பொண்ணு வீட்டுக்காரங்க வீடியோ கேட்டு வந்து நிப்பாங்க. ஆத்திரத்துல மாலையைப் பிச்சுக் குப்பையில எறிஞ்சேன். அவன் மூஞ்சி சுண்டிப்போச்சு.

நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவன் அக்காவுக்கு, அதான் என் பொண்டாட்டிக்கு, போன் போட்டிருக்கான். சோத்தைப் போட்டுக்கிட்டே இவ கேக்குறா: “சாமிக்குப் போட்ட மாலையைப் பிச்சு எறிஞ்சா, மெஷின் போகாம என்ன செய்யும்?”