வந்தவுடன் எடுக்கவும்

நேற்று பல்லாவரம் சந்தையில் பழக்காரர் ஒரு ஆரஞ்சை உரித்து, ருசி பார்க்கச் சொல்லி நீட்டினார். அந்தத் தோல் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் கீபோர்டுதான் ஞாபகம் வந்தது. உரித்த கையைத் துடைக்காமலேயே தட்டுவாய். நாவலூர் ஆபீஸில் நம் மேசைப் பக்கம் வருகிறவர்கள், "இன்னா மேடம், ஜூஸ் கடை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்காமல் போனதில்லை. நான் திட்டினால், "வாசனையா இருந்தா வைரஸ் வராதுடி" என்பாய்.

பழம் கையில் இருக்கும்போதே போன் அடித்தது. உன் வீட்டுக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். நீ போன பிறகு அண்ணாவும் நானும் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. எங்களுக்குப் பேச உன்னை விட்டால் வேறு விஷயம் இல்லை, உன்னைப் பற்றிப் பேசவும் இருவருக்கும் தெம்பு இல்லை.

"ஒண்ணுமில்லமா, அனகாபுத்தூர் வீட்டைக் காலி பண்றேன். தம்பி கூடவே வந்து இருன்றான். அந்த இன்டர்நெட் கனெக்‌ஷன், ஆபீஸ் வேலைக்குன்னு தனியா நம்பர் வாங்கி வெச்சிருந்தாளே... அதைக் கட் பண்ணச் சொல்லிடலாமா? உங்களுக்கு எதுவும் ப்ராப்ளம் ஆகாதே?"

"ஆகாதுண்ணா. நான் பார்த்துக்கறேன்" என்றேன். பழம் வாங்கத் தோன்றவில்லை, ரயில் ஏறித் தாம்பரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நம் சர்வருக்குள் எந்தெந்த இடத்திலிருந்து வரலாம் என்று ஃபயர்வாலில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறோமே, அதில் உன் வீட்டு இன்டர்நெட் நம்பர் இன்னும் இருக்கிறது. அண்ணா கனெக்‌ஷனை விட்டதும் அந்த நம்பர் முன்பின் தெரியாத யாருக்கோ போகும். உனக்காகத் திறந்து வைத்த வழியில் அவர் வந்து நிற்கலாம். அதற்குள் அந்த வரியை எடுத்தாக வேண்டும்.

இதில் நீ எவ்வளவு கறார்! வேலையை விட்டுப் போகிறவருக்கு நாங்கள் கேக் வெட்டிக்கொண்டிருப்போம், நீ இடத்தில் உட்கார்ந்து அவருடைய வரியை எடுத்துக்கொண்டிருப்பாய். "அவர் லிஃப்டுகிட்டகூடப் போகலடி" என்றால், "கிளம்பினவங்களுக்கு எதுக்குக் கதவு?" என்று கேட்டுவிட்டு வந்து கேக்கில் பெரிய துண்டாக எடுத்துக்கொள்வாய்.

அந்தக் கறார் எங்கிருந்து வந்தது என்று எனக்கல்லவா தெரியும். சேர்ந்த புதிதில், மும்பையில் இருந்த சர்வருக்கு இங்கிருந்தே ஃபயர்வால் போட உட்கார்ந்தாய். நாம் நுழைகிற வழியை முதலில் திறந்துவிட்டு, அப்புறம்தான் மற்றதையெல்லாம் மூட வேண்டும். நீ மூடும் கட்டளையை முதலில் அடித்துவிட்டாய். கருப்புத் திரை அப்படியே உறைந்து நின்றது. எத்தனை தட்டினாலும் ஒரு எழுத்து விழவில்லை. "வீட்டைப் பூட்டிட்டு சாவியை உள்ளயே வெச்சிட்டேன்டி" என்றாய். முகத்தில் ரத்தமே இல்லை. அப்புறம் அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மும்பைக்காரருக்குப் போன் போட்டு, உனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "பையா, அந்தர் ஜாவோ, சப் கோலோ" என்று, உள்ளே போய் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சியதில் நம் மேசை வரிசை மொத்தமும் சிரித்தது. கடைசியில் நீயும் சிரித்தாய்.

அன்றிலிருந்துதான் நம் இரண்டு பழக்கங்களும். எதை மாற்றினாலும், பத்து நிமிடத்தில் பழைய வரிசை தானாகத் திரும்ப வரும்படி முதலில் சொல்லி வைக்க வேண்டும். மாற்றியது சரியாக இருந்தால் அதை ரத்து செய்யலாம். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடம் பொறுத்தால் போதும், கதவு திறந்துவிடும். அதற்கு நீ வைத்த பெயர் ரிட்டர்ன் டிக்கெட். இன்னொன்று, ஒருத்தி தட்டினால் மற்றவள் வாசித்துப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் எண்டரைத் தொடக் கூடாது.

உனக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஓய்வெடுக்கட்டும் என்று ஆபீஸில் உன் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். நீதான் போனில் அழுதாய். "எல்லாரும் என்னை ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடுன்றாங்க. நீயாவது என்னை உள்ள விடுடி." மேலதிகாரியிடம் பேசி அனுமதி வாங்கி, உன் வீட்டு நம்பரைச் சேர்த்தேன். எந்த வரி எதற்காக என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுவது வழக்கமாயிற்றே, உன் வரிக்கு என்ன எழுத என்று கேட்டேன். "டெம்பரவரி, வந்தவுடன் எடுக்கவும்னு போடு" என்றாய். நான் வாசித்துக் காட்டினேன். "சரி" என்றாய்.

முதல் சில வாரம் வேலை பார்த்தாய். சிகிச்சை கடுமையானதும் அதுவும் குறைந்தது. ஆனாலும் காலையில் நான் போய்ப் பார்க்கும்போது, சர்வருக்குள் இருப்பவர்கள் பட்டியலில் உன் பெயர் இருக்கும். ஒருநாள் போன் போட்டுக் கேட்டேன், "என்னடி பண்றே?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா உள்ள வந்து உட்கார்ந்திருக்கேன். நீ பாட்டுக்கு வேலையைப் பாரு."

நான் வேலையைப் பார்த்தேன். அப்படிச் சில காலைகள். பிறகு ஒரு காலை பட்டியலில் என் பெயர் மட்டும் இருந்தது. அண்ணாவின் போன் வரும்வரை அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். வரிசையில் உன் வரி நடுவில் இருந்தது, பக்கத்தில் அந்தக் குறிப்போடு. வந்தவுடன் எடுக்கவும். நீ சொன்னதை அப்படியே கேட்பதென்றால் இதை நான் எடுக்கவே கூடாது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ரிட்டர்ன் டிக்கெட் போட்டேன். நீக்கும் கட்டளையை அடித்து, வாசித்துப் பார்த்து, எண்டரை அழுத்தினேன். உன் வரி போயிற்று. கீழே இருந்த வரிகள் ஒவ்வொரு இடம் மேலே ஏறிக்கொண்டன. அங்கே ஒன்று இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

எல்லாம் சரியாக இருந்தது. ரிட்டர்ன் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியதுதான் பாக்கி. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் ஆனதும் வரிசையைத் திரும்பப் பார்த்தேன். நீ வந்துவிட்டிருந்தாய். அதே இடம், அதே குறிப்பு. மேசையில் தலை வைத்து அழுதேன்.

இந்நேரம் நீ பக்கத்தில் இருந்திருந்தால் மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பாய். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அண்ணாவைக் கூப்பிட்டேன். "அண்ணா, ஒரே ஒரு வார்த்தை, சரின்னு சொல்லுங்க." அவருக்கு இந்தப் பழக்கம் தெரியும். நாம் போனில் சொல்லிக்கொள்வது எத்தனை தடவை அவர் காதில் விழுந்திருக்கும். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பின்னால் யாரோ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் ஓசை வந்தது.

"சரிமா" என்றார்.

மறுபடி நீக்கினேன். இந்தத் தடவை ரிட்டர்ன் டிக்கெட்டையும் ரத்து செய்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனால் புதிதாக ஏதாவது ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும். தட்டிவிட்டு, எண்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு, உன் நாற்காலிப் பக்கம் திரும்புவேன். நீ சொல்லும் வரைக்கும் தொட மாட்டேன்.