ஏழாவது கணக்குக்கு என் அட்டவணை

கண்ணு,

காலை ஷிப்ட், கிளம்பிவிட்டேன். முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகும்போது சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடு.

நேற்று நீ, “சித்தி ரெண்டே புள்ளியில கோடு போட்டுடுறாங்க, நீ ஏம்மா அஞ்சு புள்ளி வச்சு மல்லுக்கட்டுற?” என்று கேட்டதும் நான் நோட்டைத் தூக்கி எறிந்தது தப்புதான். எனக்கு வயிறு எரிந்தது. உன் அப்பாவை அவள் கட்டிக்கொண்டபோதுகூட இவ்வளவு எரியவில்லை. கணக்காவது நம் இரண்டு பேருக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

காலையில் நானே போட்டுப் பார்த்தேன். 2x + 3y = 12. x-ஐப் பூஜ்யமாக்கினால் y நான்கு. y-ஐப் பூஜ்யமாக்கினால் x ஆறு. அச்சுக்கு ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்தால் கோடு. என் அஞ்சு புள்ளி அட்டவணையிலோ பின்னம் பின்னமாக வந்து கழுத்தை அறுத்தது. அவள் முறை நல்ல முறைதான்.

ஆனால் ஏழாவது கணக்கைப் பார். y = 3x. எதைப் பூஜ்யமாக்கினாலும் மற்றதும் பூஜ்யம். கிடைப்பது ஒரே புள்ளி, அதை மட்டும் வைத்துக் கோடு போட முடியாது. அங்கே என்னைப் போல x-க்கு ஒன்று போடு, y மூன்று வரும். இதைக் கண்டுபிடித்ததும் அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். அற்பப் புத்தி.

அம்மா

சித்தி அஞ்சு மணிக்கு உன்னைக் கூட்டிப்போக வருவாள். வழக்கம்போல வாசலிலேயே நிற்க வைக்காதே. உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடு.

ஏழாவது கணக்கை அவளிடமும் கேட்டுப் பார். அவளுக்குத் தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லாதே.