கணவாய் இன்னும் திறக்கவில்லை

அன்பு மகள் பெர்லாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன், நீயும் அங்கே மாண்ட்ரியலில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதா துணை. போனில் பேசினால் இரண்டு பேரும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். யாரைக் கேட்டு எடுத்தாய்? தூபியா மாமா ஊர் வாட்ஸப் குழுவில் பாதையில் பனி வெட்டுகிற பனிவண்டி படத்தைப் போட்டு "வழி தொறந்தாச்சு, அடுப்புக்கரி வாங்குங்க" என்று எழுதினாராம், நீயும் ஏப்ரல் கடைசிக்கு மாற்றவே முடியாத டிக்கெட்டை எடுத்துவிட்டாய். அது பனிச்சறுக்கு மைதானத்துக்குப் போகிற பாதை, குளிர்காலம் முழுக்கத் திறந்தேதான் கிடக்கும். இந்த ஊரில் பிறந்த உனக்குமா அது தெரியாது? அங்கிருந்து மேலே கணவாய்க்கு ஏறுகிற பாதையில் இன்னும் ஒரு வேன் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பெக்கா சமவெளியும் தெரிகிற அந்த முனைக்கு மே மாதத்துக்கு முன்னால் நாம் ஒரு வருஷமாவது போயிருக்கிறோமா?

நீ எதற்குப் போக நினைக்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. வழி திறக்கிற அன்றைக்கே முதல் வண்டியாகப் போய், பனிச்சுவரைக் கையால் சுரண்டி, கிண்ணத்தில் போட்டுத் திராட்சைப் பாகு ஊற்றித் தருவாள் உன் அம்மா. அவள் இல்லாத முதல் வருஷம் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்கிறாய், சரி. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். மாமாவிடம் சொன்னாய், இப்போது மூன்று கார், ஊர்ப்பட்ட ஜனம், ஒரு முழு ஆடு என்று ஆகிவிட்டது. "சல்வா பேரச் சொல்லிப் போறோம், வெறும் வயித்தோடயா போறது" என்கிறார். வார்தே பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, "என் தங்கச்சியப் பொதச்சு ஒரு வருஷம் ஆகல, ஈஸ்டருக்கு வீட்ல ஒரு பலகாரம் சுடல, அதுக்குள்ள மலையில போய்ப் பாகு நக்கப் போறீங்களா, ஊரு என்னடா சொல்லும் தானியூஸ்" என்று வாசலில் நின்று கத்தினார். கத்திவிட்டுப் போகும்போது ஒரு சட்டி கறிக் கிப்பேயும் வைத்துவிட்டுப் போனார். நாற்பத்திரண்டு வயது ஆளுக்குச் சமைத்துப் போட இந்த ஊரே கிளம்பியிருக்கிறது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் எல்லாச் சட்டியிலும் கிப்பேதான்.

இதற்கு நடுவில் வழி எப்போது திறக்கும் என்று ஆளாளுக்கு என்னைத்தான் கேட்கிறார்கள், பனியை நான்தான் கொட்டின மாதிரி. பனிவண்டியைப் பழுது பார்க்கிறவன் நான், அது ஒன்றுதான் என் குற்றம். வண்டியை ஓட்டுகிற பூத்ரோஸ் தினமும் பட்டறைக்கு வந்துவிடுகிறான். பனியை வெட்டுகிற தகட்டைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் ஒழுகுகிறது, அதற்கு வேண்டிய ரப்பர் சீல் பெய்ரூட்டிலிருந்து வந்து என் டிராயரில் கிடக்கிறது. "என்னண்ணே, அடை வெச்சிருக்கீங்களா, எப்ப குஞ்சு பொரிக்கும்" என்கிறான். நாளைக்கு என்கிறேன். அரை நாள் வேலைகூட இல்லை. சீலை மாட்டினால் வண்டி மேலே போகும், போனால் வழி திறக்கும், திறந்தால் அந்த நாள் வந்துவிடும். அதற்கு மேல் எனக்கு மூளை ஓடவில்லை. ஸ்பேனரை எடுப்பேன், துடைப்பேன், வைத்துவிடுவேன். நேற்று அவன் கிண்டல் பண்ணவில்லை. "போன வருஷம் அண்ணி மொதக் கிண்ணத்த எனக்குத்தான் குடுத்தாங்க, வழி வெட்டினவனுக்குத்தான் மொதல்லன்னாங்க" என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். இன்றைக்குக் காலையில் மாட்டிவிட்டேன். தகடு ஏறி இறங்குகிறது, ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நீ இருக்கிற வாரத்துக்குள் ஒரு கார் போகிற அகலத்துக்காவது முனை வரை வெட்டிவிடலாம் என்கிறான் பூத்ரோஸ். மறுபடியும் பனி கொட்டினால் என்னைக் குறை சொல்லாதே. பாதை முழுசாகத் திறக்கும்வரை குறுக்கே போட்டிருக்கிற தடுப்பு வரை காரில் போவோம், மிச்சத்தை நடப்போம், நாம் இரண்டு பேர் மட்டும். ஆட்டை உன் அம்மாவின் வருஷத் திருப்பலிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னதில் மாமா கோபித்துக்கொண்டார், இருக்கட்டும். பெரியம்மாவிடம் நீயே பேசு, என்னால் இன்னொரு சட்டி வாங்க முடியாது. நல்ல பூட்ஸ் கொண்டு வா, போன தடவை மாதிரி துணி ஷூவில் வந்து நிற்காதே. பாகு வீட்டில் இருக்கிறது. பூத்ரோஸுக்கும் சேர்த்து மூன்று கிண்ணம் எடுத்து வைக்கிறேன்.

மாதா உன் கூடவே வரட்டும், பிரயாணம் நல்லபடியாக முடியட்டும். ஒன்று மறக்காதே. காரில் எனக்குப் பக்கத்து முன் சீட்டு உன் அம்மா குட்டைக் காலுக்கு இழுத்துப் போட்டபடியே இருக்கிறது, நவம்பரிலிருந்து நான் அதைத் தொடவில்லை. உனக்கு முட்டி இடிக்கும். ஏர்போர்ட்டில் காரில் ஏறினதும் பின்னால் தள்ளிக்கொள். நீயே தள்ளிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா தானியூஸ்