கரும்பலகையில் ஏழு எண்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

பகலில் கிளார்க், சாயங்காலம் வாத்தியாரம்மாவா, இரட்டை வேஷம் பிரமாதம் என்று போன வருஷம் கிண்டல் செய்தாயே, அந்த வேஷம் கலைந்துவிட்டது. திங்கட்கிழமை எனக்கு விசாரணை.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கேள்வித்தாள் டைப் அடிப்பது என் வேலை. எங்களில் மாலை வகுப்பு எடுப்பவர்கள் தங்கள் பாடத்தின் தாளைத் தொடக்கூடாது. தவறி மேஜைக்கு வந்தால் கவரைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் பக்கத்து சீட்டுக்காரி லீவில் போனாள், அவள் கட்டு என்னிடம் வந்தது. நடுவில் என் புள்ளியியல் தாள். கவர் மேலேயே எழுதியிருந்தது அக்கா, பார்த்தேன். கொடுத்துவிடத்தான் எழுந்தேன். ஆனால் அன்று காலைதான் சூப்பிரண்டு, வகுப்பு வகுப்பு என்று ஓடி ஆபீஸ் வேலையைக் கெடுக்கிறாய், இனி வகுப்பெடுக்க அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் கத்தியிருந்தார். இதைக் கொண்டுபோனால் மறுபடி வகுப்புப் பேச்சு வருமே என்று பயந்து, உட்கார்ந்து அடித்து முடித்தேன்.

அப்புறம் மறந்தே போனேன். மறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

தேர்வுக்கு முதல் நாள் வகுப்பில் ஒரு லிஃப்ட் மெக்கானிக், இந்தத் திட்ட விலக்கக் கணக்கு மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேங்குது மேடம் என்றார். பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். ஏழு பஸ்கள் எத்தனை நிமிஷம் தாமதம்? நாலு, ஒன்பது, பதினொன்று... யோசிக்கவே இல்லை, கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. மறுநாள் தாளில் அதே பஸ், அதே ஏழு எண்கள். மனுஷன் சந்தோஷம் தாங்காமல் பரீட்சை ஹாலில் மேற்பார்வையாளரிடமே சொல்லிவிட்டாராம், எங்க மேடம் நேத்து இதையேதான் போட்டாங்க என்று. பாவம், என்னைப் புகழ்ந்திருக்கிறார்.

தேர்வு ரத்து. என் வகுப்பில் முப்பத்தெட்டு பேரும் மறுபடி எழுதவேண்டும். இதற்காக ஷிஃப்ட் மாற்றிக் கெஞ்சிக் கூத்தாடி வந்த ஒரு நர்ஸ், நேற்று மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வேலை போய்விடும் என்கிறார்கள். போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் இனி யார் என்னை வகுப்புக்குள் விடுவார்கள்? சாயங்காலம் சாக்பீஸைக் கையில் எடுத்தால்தான் அக்கா நானும் ஒரு ஆள் என்று தோன்றும்.

தெரிந்து எழுதினாயா, தெரியாமலா என்று விசாரணையில் கேட்பார்கள். எனக்கே தெரியவில்லை. அந்த மெக்கானிக் எப்படியாவது தேறிவிடவேண்டும் என்று ஆசை இருந்தது, அது நிஜம்.

சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டு, தெரியாமல் கை பட்டுவிட்டது என்பேன். அம்மா நம்பிவிடுவாள். நீ மட்டும் என் முகத்தைப் பார்த்தே, நிஜம், பொய் என்று சொல்லிவிடுவாய். ஒரு தடவைகூட நீ தவறியதில்லை.

திங்கட்கிழமைக்குள் வீடியோவில் கூப்பிடு. அழுதாலும் பரவாயில்லை. தெரியாமல்தான் எழுதினேன் என்று உன்னிடம் சொல்கிறேன். நீ சமாதானமெல்லாம் சொல்லாதே, என் முகத்தை மட்டும் பார். பார்த்து நீ என்ன சொல்கிறாயோ, அதையே அங்கே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

உன் அழைப்புக்குக் காத்திருக்கும்,
தங்கை