ஆறு சிலிண்டருக்கு இடம் பார்த்த கதை

சங்கரன்கோவில்
11-2-1949

அன்பு மகள் கோமதித்தாய்க்கு உன் சித்தப்பா வெள்ளத்துரை ஆசீர்வாதம் சொல்லி எழுதியது. சங்கரலிங்க சாமி புண்ணியத்தில் இங்கே நான், உன் சித்தி பேச்சி, உன் அம்மா, வெள்ளைப்பசு எல்லோரும் சுகம், காரும் நேற்று முதல் சுகம். கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் வயிற்றில் இருக்கும் என் பேரனும் சுகமாய் இருப்பதற்குப் பதில் போடவும். நான் எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவன் அல்லவா, பேரன் என்றதும் உன் சித்தி, ஏன் பேத்தி பிறந்தா வாங்க மாட்டீரோ என்று கேட்டாள். பேத்தி என்றும் வைத்துக்கொள்.

உன் மாமியார் போட்ட கடிதத்தைப் படித்தோம். வயித்துப்பிள்ளைக்காரியை ரெயில் மாத்தி ரெயில் மாத்தி மூட்டை மாதிரி அனுப்ப முடியாது, மதுரைக்குக் கார் வந்தா அனுப்புதேன், இல்லைன்னா பேறுகாலம் இங்கனதான் என்று எழுதியிருந்தார்கள். தலைப்பிள்ளை அம்மா வீட்டில் பிறக்காமல் கடலுக்கு அந்தப்பக்கம் பிறப்பதா என்று உன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் உடனே தபாலாபீஸுக்குப் போய்க் கார் தயார் என்று தந்தி கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் காருக்குள் இன்ஜின் இல்லை என்பது வாஸ்தவம், ஆனால் தந்தியில் எல்லாவற்றையும் எழுத இடம் ஏது.

பழைய இன்ஜின் சிவகிரி ரோட்டில் வெடித்துப் போனது உனக்குத் தெரியும். அதற்குப் பதில் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்ட லாரி இன்ஜினை மதுரையில் எடுத்தேன். எனக்குப் போட்டியாய்க் கேட்ட ஒரு ஜமீன்தார் என் மீசையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நம் கார் நாலு சிலிண்டர், இதுவோ ஆறு. ஒர்க்ஷாப் மன்சூர் அலி அண்ணாச்சி அளந்து பார்த்துவிட்டு இறக்குவோம் என்றார். ராகுகாலம் தொடங்கப் போகிறது, அளவெல்லாம் பிறகு என்று நான் தேங்காயை உடைத்து, சங்கிலியில் கட்டி இறக்கச் சொல்லிவிட்டேன். இறக்கினால் முன்னால் காற்றாடி ரேடியேட்டரில் போய் முட்டுகிறது, கீழே எண்ணெய்த்தொட்டி அச்சின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, மேலே பானெட் மூடவில்லை. மன்சூர் அலி சுற்றி வந்து பார்த்துவிட்டு, நேரம் நல்ல நேரந்தான் வே, இடந்தான் இல்லை என்றார். தேங்காய் உடைத்து வைத்ததை எடுத்தால் மறுபடியும் உடைத்துத்தான் வைக்க வேண்டும் என்று உன் சித்தி சொல்லிவிட்டாள். இன்ஜினைத் தூக்கித் தூக்கி வைத்ததில் நம் தெருவில் வீட்டுக்கு வீடு தேங்காய்ச் சட்னி.

காலுக்கு முன்னால் இருக்கும் தகரச் சுவரை வெட்டி இன்ஜினைப் பின்னால் தள்ளினோம், காற்றாடி தப்பித்தது. பானெட்டுக்கு இடம் போதுமா என்று பார்க்க, இன்ஜின் தலையில் கொழுக்கட்டை மாவை அப்பி மூடித் திறந்து பார்க்கிற யுக்தி என்னுடையது. உன் சித்தி தன்னுடையது என்கிறாள், மாவு மட்டுந்தான் அவளுடையது. மாவு விரல் கனத்துக்கு நின்றது. சரி என்று ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் சாமியாடுகிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து குலுங்கி மாவை அப்பளமாக்கிவிட்டது. நிற்கிறபோது காணுகிற இடம் ஓடுகிறபோது இருக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. பானெட்டில் ஒரு மேடு தட்டி ஏற்றினோம், ஒட்டகத்துக்கு முதுகில் இருக்கிற மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. அச்சுக்கும் தொட்டிக்கும் நடுவே இடம் வர, காரைத் தாங்குகிற ஸ்பிரிங் வில்லில் ஒரு பட்டை சேர்த்து, பின் சீட்டில் உன் எடைக்கு ஒரு பருத்திக்கொட்டை மூட்டை ஏற்றினோம். நீ கடைசியாய் அனுப்பிய போட்டோவைப் பார்த்த உன் அம்மா இன்னொரு மூட்டையும் ஏற்றச் சொன்னாள். கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் பள்ளமாய்ப் பார்த்து வேண்டுமென்றே அதில் இறக்கி ஓட்டினார் மன்சூர் அலி, எங்கேயும் இடிக்கவில்லை. வழியில் பஸ்ஸெல்லாம் ஒதுங்கி நின்று எங்களுக்கு வழி விட்டன.

உன் மாமியாருக்கு இதுவரைக்கும் படித்துக் காட்டு, மீதியை மடித்து வைத்துக்கொள். இன்ஜின் விலா ஸ்டியரிங் பெட்டியில் இடித்ததால் ஸ்டியரிங்கையும் உள்ளே தள்ள வேண்டி வந்தது. நேற்று நான் ஏறி உட்கார்ந்தேன், வளையம் என் வயிற்றில் பதிந்து ஒரு பக்கமும் திரும்பவில்லை. மன்சூர் அலி, தகரத்தை வெட்டலாம், அச்சைக்கூட வெட்டலாம், இதுல எங்கன வே வெட்ட என்றார். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் சரியாகும் என்றும் சொன்னார். தள்ளினால் பின்னால் நீ காலை நீட்ட முடியாது. கால் வீங்குகிறது என்று நீ எழுதியிருந்தாய், அதனால் சீட்டைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். இப்போது ராத்திரிக்கு எனக்கு வெறுங்கஞ்சி, முறுக்கு டின்னை உன் சித்தி பூட்டி வைத்திருக்கிறாள்.

கப்பலில் வரும்போது படியில் மெள்ள இறங்கு, அன்னாசிப்பழம் யார் கொடுத்தாலும் வாங்காதே, மதுரைக்கு என்றைக்கு வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது. நீ வருகிற பங்குனிக்குள் உன் வயிறு எவ்வளவு வளருகிறதோ அவ்வளவு என் வயிறு குறைந்தாக வேண்டும். குறையாவிட்டால் மன்சூர் அலி ஓட்டுவார், என் காரில் நானே பக்கத்தில் உட்கார்ந்து வர மீசை சம்மதிக்காது, நான் பின்னால் பஸ்ஸில் வந்து சேருகிறேன். ஊரில் யார் கேட்டாலும் சித்தப்பாதான் ஓட்டிக்கொண்டு வந்தார் என்று சொல்லிவிடு மக்கா, மறந்துவிடாதே.

கோமதியம்மன் உன்னையும் பிள்ளையையும் காத்துக் கொண்டுவந்து சேர்ப்பாள்.

உன் பிரியமுள்ள சித்தப்பா,
ச. வெள்ளத்துரை