மாமனார் ஊர் மைதானம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வருகிற மாசியோடு நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. இங்கே எல்லோரும் சுகம். பசுமலை மைதானத்தில் கிரிக்கெட்டுக்கு விரிக்கப் புது நார்ப்பாய் வந்திருக்கிறது. அதை இழுத்து ஆணியடிக்கும்போதெல்லாம் உங்கள் பேச்சுத்தான். உங்களுக்குத் திருப்தியாகிற மாதிரி அதை இழுக்க இன்னும் யாருக்கும் வரவில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. நம் கிளப் அறையில் ஒரு படம் மாட்டப் போகிறார்கள். இதுவரை நமக்கு ஆடியவர்களில் தலைசிறந்த பேட்ஸ்மன் யாரோ, அவருடைய படம். உங்கள் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன்.

கோபப்படாதீர்கள். அளவுகோல் நீங்கள் கொடுத்ததுதானே? பத்திரிகையில் எந்த ஆட்டக்காரனைப் புகழ்ந்திருந்தாலும், "இதெல்லாம் அவன் ஊர்ல அடிச்சது. சீமைக்குப் போய் மழை ஈரத்துல அடிக்கட்டும், அப்பறம் பேசுவோம் மச்சான்" என்று தாளை மடித்து வைத்துவிடுவீர்கள். பழகிய தரை, பழகிய வெயில், பந்து எவ்வளவு எழும்பும் என்று தூக்கத்திலும் தெரியும். அங்கே அடிப்பது பாதி ஆட்டம் என்பீர்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இப்போதும் படுகிறது.

அதை வைத்துப் பார்த்தால் உங்கள் கதை என்ன? பசுமலையில் உங்களை அவுட்டாக்க வந்தவர்கள் படாத பாடு பட்டார்கள். திருச்சிக்கும் பாளையங்கோட்டைக்கும் போனால், நாங்கள் உட்கார இடம் பிடிப்பதற்குள் நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள். வந்து சிரித்துக்கொண்டே வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்பீர்கள். பசுமலையில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் கமிட்டியில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. முடிவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு கலைந்தோம்.

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் நானே சொன்னேன். உங்கள் மனைவி அடுத்தவர் வாயால் இதைக் கேட்க வேண்டாம் என்றுதான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவுகளுக்கு இந்த ஊரு என்னைக்குண்ணே சொந்த ஊரா இருந்துச்சு?"

அளவுகோலை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. பசுமலையில ஆட்டம்னா முந்தின நாளே அவுகளுக்குச் சோறு இறங்காது. அவுட்டாயிட்டா வீட்டோட மாப்ளன்னு உங்க ஊரே சிரிக்கும்பாக. திருச்சிக்குப் போறப்ப மட்டுந்தான் விசிலடிச்சுக்கிட்டே பெட்டி கட்டுவாக."

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து எங்கள் அப்பாவின் பாத்திரக்கடையில் உட்கார்ந்தவர் நீங்கள். எல்லைக்கோட்டு ஓரத்திலிருந்து கத்துவார்கள்: "மாமனாரு சோறு அம்புட்டும் எங்க போச்சு மாப்ள? ஓடுங்க!" எல்லோரும் சிரிப்போம். நீங்கள் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு அடுத்த பந்துக்குக் குனிவீர்கள். விளையாட்டுப் பேச்சு, அதோடு போயிற்று என்றே நினைத்திருந்தேன். அது வலித்ததா மாப்பிள்ளை? என்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே? ஒரே வீட்டில்தானே சாப்பிட்டோம். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

வெளியூரில் உங்களை யாருக்கும் தெரியாது. அவுட்டானால் ஓர் ஆட்டக்காரர் அவுட்டானார், அவ்வளவுதான். உங்கள் சொந்த ஊரில் நீங்கள் ஆட மைதானம் ஒன்று இருந்ததா என்றுகூட நான் கேட்டதில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் மேல் எனக்குப் பிரியம் அதிகம்தான். அதற்காக அளவுகோலை வளைக்க மாட்டேன். வளைத்தால் நீங்களே என்னைச் சும்மா விடமாட்டீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் எழுந்து ஒன்று சொல்வேன், இது சத்தியம். பசுமலையில் நீங்கள் அடித்த ரன் அத்தனையும் வெளியூர்க் கணக்கில் சேர வேண்டும். அதன் பிறகு யார் படத்தை மாட்டுவது என்று அவர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
இத்தனை நாளும் உங்களை உள்ளூர்க்காரர் என்றே நினைத்திருந்த
உங்கள் மச்சான்